சந்திரனில் கால் வைத்த திங்கட்கிழமை

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இருபதாம் தேதி காலையில் என் கைப்பேசி தவறான தகவல் ஒன்றைச் சொல்கிறது. வரலாற்றில் இன்று, மனிதன் சந்திரனில் கால் வைத்த நாள் என்கிறது. நான் பல் துலக்கிக்கொண்டே அதோடு சண்டை பிடிப்பேன். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை மனிதன் சந்திரனில் கால் வைத்தது இருபத்தொன்றாம் தேதி. திங்கட்கிழமை. காலையில், பள்ளிக்கூடத்து மணி அடிக்கிற நேரம். இந்த விஷயத்தில் எங்களை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் கைப்பேசியிடம் கத்தி என்ன பயன்? நியாயம் கேட்க வேண்டிய ஆளிடம் போய்க் கேட்கலாம் என்றால், அம்மா இப்போது இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் வீடு, பக்கத்திலேயே பள்ளி. தமிழ்ப் பாடவேளையில் திங்கட்கிழமைதோறும் ‘வரலாற்றில் இன்று’ சொல்வது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை அது. ஒரு நாள் ஆசிரியை பேச்சுவாக்கில், யாருக்காவது ஏதாவது தகவல் தெரியுமா என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு என்னை உட்கார வைக்க அவரால் முடியவில்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது, இப்படி எதையாவது எடுத்து விட்டுக்கொண்டே இருப்பேன். அதிகப்பிரசங்கி என்று வீட்டில் எனக்குப் பெயர். பட்டம் மாதிரி நினைத்துக்கொள்வேன்.

இந்தச் சரக்கெல்லாம் எனக்குக் கிடைத்த இடம், தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு மளிகைக்கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அவர்களுடையது. கடைக்கார பாயின் தலைக்கு மேலே ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பொடி எழுத்தில், அந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது, கூடவே ஒரு துணுக்கு. பாய் கிழிக்கிற தாளை எறியமாட்டார். எனக்காக ஒரு கிளிப்பில் சொருகி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை நான் போனதும், இந்தா டீச்சரம்மா, உன் பாடம் என்று எடுத்து நீட்டுவார். வரப்போகிற தேதிகளையும் தூக்கிப் பார்த்துக்கொள்ள விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே நான் போவது அப்பாவுடன். அம்மா வரமாட்டாள். கூட்டம் ஆகாது என்பாள். அந்தக் கடை வாசலில்தான் மாமா எங்களுக்காகக் காத்திருப்பார். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர். துவாஸ் பக்கம் ஒரு ஷிப்யார்டில் வெல்டிங் வேலை, அங்கேயே விடுதியில் தங்கல். வாரத்தில் ஒரு நாள் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, தலை நிறைய எண்ணெய் வைத்து, எனக்கு ஒரு பாண்டான் கேக்கோடு நிற்பார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததே இல்லை. கேட்டால் கம்பெனியில் விடமாட்டார்கள் என்பார் அப்பா. தேக்காவுக்கு விடுகிற கம்பெனி புக்கிட் பாஞ்சாங்குக்கு ஏன் விடாது என்று உலகத்துத் தகவலெல்லாம் தெரிந்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உண்மை என்னவென்றால் அம்மாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு வகையில் நான்தான். அம்மாவின் அப்பா ஊரில் இறந்தபோது நான் பிறக்கிற சமயம். அந்த வயிற்றோடு விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா இங்கே சுவரில் முட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். அங்கே தனி ஆளாக எல்லாக் காரியத்தையும் செய்து முடித்துவிட்டு வந்த மாமா, தொலைபேசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: உனக்கு வர மனசில்லை. ஒரு வார்த்தை வெல்லும், ஒரு வார்த்தை கொல்லும் என்பார்களே, அது இதுதான். சொன்ன சூட்டிலேயே மாமா அதற்காக வருத்தப்பட்டிருப்பார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அக்காவாகப் பேசட்டும் என்று இவர் இருந்தார், சொன்னவன் வரட்டும் என்று அவள் இருந்தாள். விடாக்கண்டன், கொடாக்கண்டன். பிறகு மாமாவே சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, ரயிலில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் தொட்டுவிடக்கூடிய தூரத்தில் இருந்தும் இரண்டு பேரும் அசையவில்லை. அப்பா மட்டும் கதவிடுக்கில் மாட்டிய விரல் மாதிரி நடுவில் இருந்தார்.

ஆனால் பேச்சு அடியோடு நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. என் வழியாக நடந்துகொண்டுதான் இருந்தது, எனக்குத் தெரியாமல். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று நான் மாமாவிடம் சொன்ன அன்று அவர், “எங்க வீட்ல ஒருத்தவங்களுக்கு இருக்குற ஒண்ணே வேலை செய்யல” என்றார். அதையும் ஒரு தகவலாக எண்ணி வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். அம்மா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், சொன்னவனுக்கு நாக்கு மூணு, அதையும் போய்ச் சொல்லு என்றாள். நான் போய்ச் சொன்னேன். மாமா அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

மாமாவிடமும் ஒரு ‘வரலாற்றில் இன்று’ இருந்தது. இதே மாசத்துலதான் ஒரு அம்மணி சைக்கிள் கத்துக்கப் போயி ரைஸ்மில் சுவத்துல முட்டி முன்பல்லு போச்சு என்று ஆரம்பிப்பார். இதெல்லாம் வரலாறு இல்லை மாமா என்பேன். பின்ன, நடந்துச்சுல்ல என்பார். வீட்டில் சொன்னால் அம்மா திரும்பிப் பார்க்காமலே, ரைஸ்மில் இல்ல, போஸ்டாபீஸ் என்பாள். அடுத்த ஞாயிறு நான் போஸ்டாபீஸைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். ரைஸ்மில்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அக்காளும் தம்பியும் ஒரே அச்சு. நாலணா பெறாத இந்தச் சுவர் வழக்கு மாதக்கணக்கில் நடந்தது. எனக்கு அலுத்துப் போகும். உலகத்தில் எவ்வளவோ நடந்திருக்க, இவர்களுக்கு ஒரு சுவர்.

அந்த வருஷம் ஜூலை இருபது ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் பள்ளியில் இன நல்லிணக்க நாள். யூனிபார்ம் கிடையாது, சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நாங்கள் எல்லாரும் அவரவர் உடையில் போக வேண்டும். எனக்குப் பட்டுப்பாவாடை. தமிழ் வகுப்பில் அந்த நாளைப் பற்றி நான் பேச வேண்டும் என்று ஆசிரியையே சொல்லியிருந்தார், முதல்முறையாக அவராகவே. அதனால் அன்று தேக்காவில் என் கால் தரையில் பாவவில்லை.

கடை வாசலில் மாமாவின் பக்கத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கயிறு கட்டி நின்றது. மேலே தடித்த பேனாவால் ஊர்ப் பெயர். உள்ளே போர்வை, சோப்பு, தைலம், சாக்லெட். இது என்ன மாமா என்றேன். சாமான்மா என்றார். வேலை பெர்மிட் முடிந்து, மறுநாள் காலை விமானத்தில் மாமா ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். அங்கே நின்ற நான்கு பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரியாது. என்னிடம் சொன்னால் அன்று மாலையே அம்மாவுக்குப் போய்விடும் அல்லவா? அக்காவா கேட்டா சொல்லுங்க அத்தான், நீங்களாச் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மாவோ தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒரு நாளும் கேட்பவள் இல்லை.

நாளைக்கு என்ன நாள் தெரியுமா என்றார் மாமா.

தெரியாமல் இருப்பேனா? “இன நல்லிணக்க நாள். எல்லா வீட்லயும் பாயசம் வைப்பாங்க” என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பாயசத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதுகூடத் தெரியாத மனிதர். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஜூலை இருபத்தொன்றில் சேமியா பாயசம் உண்டு. இன்றைக்கு என்னம்மா விசேஷம் என்று கேட்டதற்கு அம்மாவே சொல்லியிருக்கிறாள், உங்க ஸ்கூல்ல ஏதோ நாள்ங்கிறியே, அதுக்குத்தான் என்று. ஒரு சின்னத் தூக்குச்சட்டி நிறைய ஊற்றி, யாராச்சும் இருந்தாக் குடுங்க என்று அப்பாவிடம் கொடுப்பாள். அப்பா எங்கேயோ போய்ச் சட்டியைக் காலியாகக் கொண்டுவருவார். இதையெல்லாம் மாமாவுக்கு விளக்கினேன். அப்பா வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். மாமா சிரித்த சிரிப்பில் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அப்புறம் மாமா சொன்னார், அது ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்குத்தான் சந்திரன்ல மனுஷன் கால் வச்ச நாள்.

விடுவேனா? இருபது, மாமா, இன்றைக்கு என்றேன். பாயிடம் அன்றைய தாளைக் கிழித்து வாங்கி மூக்குக்கு நேரே நீட்டினேன். பாயும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அச்சுல இருபதுன்னுதாம்பா போட்டிருக்கான் என்றார். மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க அக்கா இருபத்தொண்ணுன்னு சொல்லியிருக்கு.”

அம்மா எட்டாவதுதானே படிச்சிருக்காங்க, காலண்டர் தப்பாவா போடும் என்றேன். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். மாமா கோபப்படவில்லை. அது நான் பிறந்த நாள்மா என்றார்.

எனக்குத் தெரிந்து மாமாவின் பிறந்தநாள் ஜூன் ஒன்று. பெர்மிட் அட்டையில் அப்படித்தான் இருந்தது, நானே வாசித்திருக்கிறேன். அது வாத்தியார் போட்டது என்றார் மாமா. பள்ளியில் சேர்க்கப் போனபோது தாத்தாவுக்குத் தேதி சொல்லத் தெரியவில்லையாம். சந்திரன்ல ஆள் இறங்குன அன்னைக்குப் பொறந்தவன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வாத்தியாருக்குச் சந்திரன் தெரியாது போலிருக்கிறது, அந்த வகுப்பில் பாதிப் பேருக்குப் போட்ட ஜூன் ஒன்றையே இவருக்கும் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில், பெர்மிட்டில், எல்லாவற்றிலும் அதுவே தொடர்ந்துவிட்டது. அசல் தேதி தெரிந்த ஆட்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க, இனிமே உலகத்துல அது தெரிஞ்சது உங்க அம்மா ஒருத்திக்குத்தான் என்றார்.

பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சரி மருமகளே. இருபதே இருக்கட்டும். நல்லதாப் போச்சு. அப்ப இன்னைக்கே கொண்டாடிருவோம்.”

ஒரு சுவரைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதரை ஒரே தாளால் வென்றுவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். மாமா மூன்று பேருக்கும் பாயசம் கேட்டு வாங்கினார். ஜவ்வரிசிப் பாயசம். ஒரு வாய் குடித்துவிட்டு, எங்க அக்கா சேமியாவுலதான் வைக்கும் என்று சொல்லி என் பக்கம் தள்ளினார். அப்பா சாப்பிடவே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் மாமா என் தலையில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அம்மாகிட்டச் சொல்லு, சந்திரன் இருபதாந்தேதிதானாம்னு என்றார். நாங்கள் ஏறிய பிறகும் ஜன்னலுக்குக் கீழே வந்து, மறந்துறாம சொல்லு என்றார்.

நானாவது மறப்பதாவது? வீட்டில் அம்மா என் பட்டுப்பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். அம்மா, சந்திரனில் மனுஷன் கால் வச்சது இருபதாம் தேதிதான், மாமாவே ஒத்துக்கிட்டார்.

“அவனுக்கு என்ன தெரியும்? அவன் அன்னைக்குத்தானே பொறந்தான்” என்றாள் அம்மா. “நான்ல பாத்துக்கிட்டு நின்னவ.”

அவன் என்று அம்மா அந்த அளவுக்கு உரிமையோடு சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள். அன்று திங்கட்கிழமையாம். புதுப் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் கிளம்பியவளைப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களாம். எதிர்க் கடையில் ரேடியோவைத் தெருவுக்கே வைத்திருக்கிறார்கள். வெளியே ரேடியோ கத்துகிறது, உள்ளே இவன் கத்துகிறான். தாத்தா எதற்கு அழுகிறார், சந்திரனுக்கா பிள்ளைக்கா என்றே தெரியாமல் எல்லோருக்கும் சீனி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் ஏன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பப் போகிறேன் என்று கேட்டாள் அம்மா.

“அவன் என்ன சொன்னான்?”

இருபதே இருக்கட்டும், நல்லதாப் போச்சு, இன்னைக்கே கொண்டாடிருவோம்னு சொன்னார் என்றேன்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவனா விட்டுக்கொடுத்தான் என்றாள், என்னிடம் இல்லை. சமையலறை வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

“ஏங்க. அவன் நாளைக்கு இங்க இல்லையா?”

அப்பா இரண்டு எட்டு முன்னால் வந்தார். “காலையில திருச்சி ப்ளைட். பெர்மிட் முடிஞ்சிருச்சு. நீ கேட்டாத்தான் சொல்லணும்னான். நீ கேக்கலையே லா.”

அதற்குள் தீய்ந்த வாசம் வந்தது. என் பாவாடையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கருகல். நான் வீடு அதிரக் கத்தினேன். அம்மா பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள், அவ்வளவுதான். பாவாடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன் போட்டுத் தரவா என்று அப்பா கேட்டார். இத்தனை வருஷம் பேசாததைப் போன்லயா பேசுறது என்றாள். அப்படியென்றால் இப்போதே பாயசத்தை வை, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார் அப்பா. அம்மா மாட்டேன் என்றாள். அவன் பிறந்தது நாளைக்குத்தான். நாளைக்கு வைக்க வேண்டியதை இன்றைக்கு வைக்கமாட்டாளாம். நானே கொண்டுபோறேன் என்றாள்.

நான் எழுந்தபோது வீடு முழுக்க நெய்யில் வறுத்த சேமியா வாசம். அம்மா தூக்குச்சட்டியைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் டாக்சிக்காகக் கீழே நின்றாள். விமான நிலையத்துக்கு அவள் தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. என்னை உடுத்திவிட்டவர் அப்பா. பாவாடை நிற்கவே நிற்காது என்ற பயத்தில், கையில் கிடைத்த ஊக்கையெல்லாம் குத்திவிட்டார். கருகல் வெளியே தெரியாமல் மடித்துவிடச் சொல்லி நான் அழுதுகொண்டிருந்தேன்.

பள்ளிக்குப் போகிற வழியில் அப்பா என் வழக்கைத் தீர்த்துவைத்தார். அங்கே அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அதே நேரம் நமக்குத் திங்கட்கிழமை காலை. காலண்டர்க்காரன் அங்கே உள்ள தேதியைப் போட்டிருக்கிறான். “அம்மா சொன்னதும் சரி, உன் காலண்டரும் சரி. ரெண்டு பேரும் சரியா இருந்தாத்தாம்மா சண்டை தீராது” என்றார். முதல் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் வெளுத்து வாங்கினேன். இதே தேதியில் சிங்கப்பூரில் இனக்கலவரம் மூண்டது, அதை மறக்கக்கூடாது என்றுதான் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறோம் என்று ஆரம்பித்து, சந்திரனில் இறங்கி, அமெரிக்காவின் ஞாயிற்றுக்கிழமையை நம்முடைய திங்கட்கிழமையோடு சேர்த்து, கடைசியில் இந்த நாளில் தமிழர் வீடுகளில் சேமியா பாயசம் செய்வது வழக்கம் என்று முடித்தேன். அப்படியா என்றார் ஆசிரியை. பின்வரிசையில் ஒருவன், எங்க வீட்டுல செய்யலையே என்றான். அவன் வீட்டை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

விமான நிலையத்தில் நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு. திங்கட்கிழமை காலை நெரிசல். டாக்சி நகரவே இல்லையாம். போய்ச் சேர்ந்தபோது மாமா உள்ளே போய்விட்டார். நடுவில் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாஸ்போர்ட் வரிசையில் எண்ணெய் வைத்த தலைகள் நிறைய. எது தன் தம்பி என்று ஒரு நிமிஷம் தெரியவில்லையாம். பிறகு ஒரு தலை திரும்பியது. இவள் பேச வாயெடுத்தாள், கேட்காது. தூக்குச்சட்டியைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். மாமா வரிசையை விட்டு வெளியே வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். பிறகு கையை எடுத்து இரண்டு விரல் காட்டினார். அடுத்து ஒரு விரல்.

இருபத்தொன்று. நீ சொன்னதுதான் சரி அக்கா.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் போனில் பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்று சொல்லலாம். ரைஸ்மில்லா போஸ்டாபீஸா என்பது கடைசிவரை தீரவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளத்தான் முடியவில்லை. அடுத்த வருஷம் போகலாம், இவள் பரீட்சை முடியட்டும், என் முழங்கால் சரியாகட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் அம்மா போய்விட்டாள். இப்போது அந்தத் தேதி தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். வருஷா வருஷம் இருபத்தொன்றாம் தேதி காலையில் ஊருக்குப் போன் போடுகிறேன். மாமா எடுப்பார். ஒரு செருமல் கேட்கும். எங்கள் இருவருக்கும் அப்போது ஒரே ஆள்தான் வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கமிருந்து திரும்பிப் பார்க்காமலே, ரைஸ்மில் இல்ல என்று ஒரு குரல் வந்தால் போதும்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பள்ளி விட்டு வந்தபோது அம்மா சேலையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். எப்போதும் காலியாக வருகிற சட்டியில் அன்று விளிம்பு வரை பாயசம். எனக்கு ஒரே சந்தோஷம். இது யாருக்கு என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு ஒரு விரல். சிரித்துக்கொண்டே காட்டினாள், கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

எனக்கா புரியாது? எனக்கு இரண்டு டம்ளர், அப்பாவுக்கு ஒன்று. அதன்படியே பிசகாமல் ஊற்றி, அப்பாவுடையதை அவர் முன்னால் வைத்துவிட்டு, என் இரண்டையும் முந்திரிப்பருப்பு ஒன்று விடாமல் வழித்துக் குடித்தேன். குடித்து முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இந்த இன நல்லிணக்க நாள் மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் எவ்வளவு நல்லா இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.